பத்தொன்பது நாள்

உப்பு மூட்டை நிறுக்கும் தராசில் ஐகோர்ட்டு அண்ணாச்சி ஏறி நின்றபோது எண் அறுபத்தொன்றில் நின்றது. நேற்று அறுபது. முந்தாநாளும் அறுபது.

"மூட்டை ஒரு கிலோ கூடிட்டு நர்சம்மா. மொதலாளிட்ட சொல்லிக் கூலியக் கூட்டச் சொல்லுங்க" என்றார் அவர்.

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பாக்கியசீலி சிரிக்கவில்லை. குனிந்து அவர் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள். விரல் பட்ட இடம் குழியாகவே நின்றது. மனதுக்குள் எண்ணினாள். ஐந்து எண்ணிய பிறகுதான் குழி மறைந்தது.

"கருவாடு தின்னீயளா அண்ணாச்சி?"

"மவன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆக்கி வச்சதை வேண்டாம்னா மருமவ என்ன நெனப்பா?"

"ஒழுங்கா ரெண்டு வருசம் இருப்பாருன்னு நெனப்பா. நாளைக்கும் கூடியிருந்தா எனக்குக் கோவம் வரும், பாத்துக்கோங்க."

சந்தனமாரி கரித்துண்டால் கொட்டகைச் சுவரில் அறுபத்தொன்று என்று எழுதினாள். அந்தச் சுவர் முழுக்கப் பெயர்களும் எண்களும்தான். வெள்ளைக்கரை உப்பளத்தில் வெயில் ஏறி ஒன்பது மணிக்குச் சங்கு ஊதினால் அதற்குமேல் யாரும் பாத்தியில் நிற்கக் கூடாது என்பது சட்டம். ஆகவே விடியும் முன்னே வேலைக்கு வந்துவிடுவார்கள். அவர்களைத் துணை சுகாதார நிலையத்துக்கு வரவைக்க முடியாது என்று தெரிந்துகொண்ட பாக்கியசீலி, பதினோரு வருடங்களுக்கு முன் தன் பையைத் தூக்கிக்கொண்டு உப்புத் தராசுக்கு வந்துவிட்டாள். இதயம் தளர்ந்தவர்களுக்கு உடம்பில் நீர் கோத்தால் முதலில் எடைதான் சொல்லும். மூச்சு வாங்குவதெல்லாம் பிறகு. மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அன்றைக்கே மருந்து மாற வேண்டும். மாறாவிட்டால் ஒரு வாரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டில்.

மாதம் முடிந்ததும் எண்களை நோட்டில் எழுதிக்கொண்டு சுவரைத் துடைப்பார்கள். இடது மூலையில் ஒரு வரியை மட்டும் யாரும் துடைப்பதில்லை. லிங்கராஜ்: 58, 58, 59. அதற்குப் பிறகு எண் இல்லை. மூன்று வருடமாக அப்படியே இருக்கிறது. சந்தனமாரி அவருடைய மனைவி. துடைப்பது அவள்தான்.

அதைப் பற்றி அவளும் பாக்கியசீலியும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

கைக்கணினி அதிர்ந்தது. எல்லோருடைய மேல்கையிலும் காசளவில் ஒரு வில்லை ஒட்டியிருக்கும். நாடித்துடிப்பு, வியர்வை, தூக்கம் எல்லாவற்றையும் அது மாவட்டத்துக்கு அனுப்பும். அங்கே முன்னறிவான் என்று பெயரிட்ட கணிப்பு இயந்திரம் உட்கார்ந்து, யார் யார் எத்தனை நாளில் ஆஸ்பத்திரியில் படுப்பார்கள் என்று சொல்லும். அளத்துக்காரர்கள் அதற்கு ஜோசியக்காரன் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

திரையில் இருந்தது: ஐகோர்ட்டு, வயது 59. ஒன்பது நாட்களுக்குள் உள்நோயாளியாக அனுமதி. சாத்தியம்: எண்பத்தொரு விழுக்காடு.

அது எதிர்பார்த்ததுதான். அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது. வெள்ளைக்கரை துணை சுகாதார நிலையம் மாத இறுதியில் மூடப்படுகிறது. காரணம்: தேவை இல்லை.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு கைக்கணினியைப் பைக்குள் போட்டுவிட்டு, "அடுத்தவுக ஏறுங்க" என்றாள்.

*

மாவட்டக் கணிப்பு அலுவலர் டாக்டர் நவநீதன் கெட்டவரில்லை. அவளுக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, திரையையும் அவள் பக்கம் திருப்பினார்.

"மூணு வருசத்துல உங்க ஊர்ல அறுபத்து நாலு பேர் படுப்பாங்கன்னு முன்னறிவான் சொல்லியிருக்கு. படுத்தது அஞ்சு பேர்."

"ஆமா சார்."

"அப்ப அம்பத்தொம்பது கணிப்பு தப்பு."

"தப்பில்ல சார். அது சொன்ன அன்னைக்கே நான் போனேன். மருந்தை மாத்துனோம். உப்பைக் கொறைச்சோம். பொம்பளையளுக்கு அளத்துல கக்கூஸ் கட்ட வச்சேன். போறதுக்கு எடமில்லன்னு அவளுவ தண்ணியே குடிக்காம கெடந்தாளுவ, கிட்னி போச்சு. அதனாலதான் படுக்கல."

"எனக்குப் புரியுது. அதுக்குப் புரியாது. நான் சொன்னேன், நடக்கல, அப்ப இந்த ஊர்க்காரங்களை நான் தப்பா எடை போட்டுட்டேன்னு அது கத்துக்குது. இவங்க உடம்பு மத்தவங்களை விட கெட்டின்னு முடிவு பண்ணிருச்சு. அடுத்த மாசம் ஒரு திருத்தம் போடப் போகுது. ஐகோர்ட்டுக்கு இந்த எண்பத்தொண்ணு இருக்கே, அது ஒன்பதா ஆயிடும்."

"அவரு காலு வீங்கித்தான இருக்கும்?"

நவநீதன் திரையிலிருந்த எண்ணைத் தொட்டுவிட்டு விரலை எடுத்துக்கொண்டார்.

"வேலை செஞ்சதாலதான் வேலை இல்லைங்குதீய."

"நான் சொல்லலைங்க. கணக்கு சொல்லுது." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு இருக்கு. இந்த மாசத்துக்குள்ள ரெண்டே ரெண்டு கணிப்பு பலிச்சாப் போதும். திருத்தம் நின்னுரும். நிலையமும் நிக்கும். ரெண்டு பேரு, நாலு நாள் படுத்துட்டு வந்துருவாங்க. பெருசா ஒண்ணும் ஆகாது."

பாக்கியசீலி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நவநீதன் பேனாவை மூடித் திறந்து மறுபடி மூடினார்.

"எந்த ரெண்டு பேருன்னு நீங்களே சொல்லிருங்க சார்" என்றாள் கடைசியில். "பேரச் சொல்லுங்க. நான் போய் அவிய வீட்டுல சொல்லுதேன்."

அவர் தலை குனிந்தார்.

"மேல்முறையீடு உண்டா?"

"உண்டு. ஊர்லயே, மக்கள் முன்னால நடக்கணும். நான் வரணும். ஆனா புதுசா எதாவது காட்டணும். இதுல இல்லாத எதையாவது."

"வாங்க" என்று சொல்லி எழுந்தாள். வாசலுக்குப் போகும்போது இடது காலை லேசாக இழுத்து நடந்தாள். அவள் எப்போதும் அப்படித்தான் நடப்பாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

*

அவளை அழைத்துப் போய் வந்த வேன் டிரைவர் வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தான். மறுநாள் விடியும்போது அளம் முழுக்கத் தெரிந்திருந்தது.

ஐகோர்ட்டு தராசில் ஏறினார். அறுபத்திரண்டு. இறங்காமல் அதிலேயே நின்றுகொண்டு, கூட்டத்தைப் பார்த்துப் பேசினார்.

"நான் ஒருத்தன் ஆச்சு. இன்னொருத்தன் வேணும். எவன்லே வாரான்?"

"எங்க?"

"பெரிய ஆஸ்பத்திரிக்கு. நாலு நாளு மெத்தையில படுக்கலாம். ஆபீஸ் மூடாது. நர்சம்மா நிக்கலாம்."

"நான் வாரேன் மாமா" என்று ஒருவன் கை தூக்கினான். "எனக்கு நானூறு சக்கரை. ஒரு லட்டு தின்னாப் போதும்."

சிரிப்பு எழுந்தது. ஆனால் பலர் விளையாட்டாகச் சிரிக்கவில்லை, அதற்குத் தயாராகவே சிரித்தார்கள் என்று பாக்கியசீலிக்குத் தெரிந்தது. அவளுக்கு வந்தது அழுகையில்லை, கோபம்.

"எறங்குங்க அண்ணாச்சி."

"நான் சொல்லுதது…"

"எறங்குங்கன்னேன்."

அவர் இறங்கினார். அவள் அங்கேயே நின்று ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரம்மாவுக்கு போன் செய்தாள். எடை, ரத்தக் கொதிப்பு, கால் வீக்கம் எல்லாம் சொன்னாள். மூன்று நாளைக்கு நீர் மாத்திரை ஒன்று கூடுதலாகக் கொடுக்கச் சொன்னார் டாக்டரம்மா. நாளைக்கு ரத்தம் எடுத்து அனுப்ப வேண்டும். பையிலிருந்து மாத்திரையைப் பிரித்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

ஐகோர்ட்டு கையை மூடிக்கொண்டார்.

"நான் ஒழுங்காத் தின்னா நீங்க போயிருவீய. நீங்க போனா இதத் தர ஆளு கெடையாது. நான் இப்பப் படுத்தா ஒரு தடவைதான் படுப்பேன். நீங்க போனபெறவு எத்தனை தடவை படுக்கணுமோ. கணக்குப் பாருங்க."

அது சரியான கணக்குதான். காற்றில் உப்பு பறந்து வந்து உதட்டில் ஒட்டியது.

"ஒங்களைப் படுக்க வச்சுத்தான் நான் இங்க நிக்கணும்னா எனக்கு அந்தப் பொழப்பு வேண்டாம்" என்றாள். "வாயத் தொறங்க."

"நர்சம்மா…"

"தொறங்க. நாக்கைத் தூக்குங்க. கன்னத்துல ஒதுக்குற வேலையெல்லாம் எங்கிட்ட நடக்காது."

அவர் விழுங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். லட்டு தின்னத் தயாராக இருந்தவனைப் பார்த்து, "ஒன் சக்கரைய நாளைக்கும் பாப்பேன். முன்னூறுக்கு மேல இருந்துச்சு, ஒன் பொஞ்சாதிட்ட சொல்லிருவேன்" என்றாள்.

எல்லோரும் பாத்திக்குப் போன பிறகு சுவருக்கு எதிரே உட்கார்ந்தாள். புதிதாக எதையாவது காட்டவேண்டும். நோட்டுகள் எல்லாவற்றையும் புரட்டியாகிவிட்டது. தவிர்த்ததைக் காட்டத்தான் அவளிடம் எண்கள் இருந்தன. அந்த இயந்திரத்துக்கு நடந்தது மட்டும்தான் கண்ணில் படும்.

நிமிர்ந்தபோது இடது மூலையில் லிங்கராஜின் வரி தெரிந்தது. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது. பிறகு வெறும் சுவர்.

பார்க்கக் கூடாது என்று மூன்று வருடமாகக் கண்ணைத் திருப்பிக்கொண்ட இடம் அது.

*

ஐந்தாம் நாள் சங்கு ஊதிய பிறகு கூட்டம். உப்புக் கொட்டகைக்குள் நூற்றைம்பது பேர் இருந்தார்கள். நவநீதன் மடக்கு மேசை போட்டுத் திரையை நிறுத்தினார். ஐகோர்ட்டு முன் வரிசையில் இருந்தார். அன்று காலை எடை அறுபது. அதில் அவருக்கு வருத்தம்.

"மூணு வருசத்துல அஞ்சு பேருதான் படுத்தாங்கன்னீங்க சார். பன்னெண்டு பேரு" என்றாள் பாக்கியசீலி. "அந்த ஏழு பேரை எங்க விட்டீய?"

நவநீதன் தேடினார். "இருக்கு. விலக்கி வச்சிருக்கு. அவங்க படுத்த பத்தொம்பது நாளும் நீங்க லீவு. ஆள் இல்லாத நாள்ல நடந்ததுக்கு நிலையத்தைக் குறை சொல்லக் கூடாதுன்னு நல்லெண்ணத்துல வச்ச விதி அது."

"நான் இருந்த மூணு வருசம் அஞ்சு. நான் இல்லாத பத்தொம்பது நாளு ஏழு. இதைவிட என்னத்தக் காட்ட? அதைச் சேருங்க."

நவநீதன் திரையில் அந்த ஏழு பெயர்களையும் விரலால் எண்ணினார். "சேர்க்கலாம். ஆனா லீவுக்கான காரணம் சரியா இருக்கணும். சொந்த வேலைன்னு போட்டிருக்கீங்க. அது செல்லாது. உண்மையான காரணத்தைப் பதிவு பண்ணணும், இவங்க முன்னால."

அவள் குனிந்து தன் ஷூவைப் பார்த்தாள்.

சுவரோரத்திலிருந்து சந்தனமாரி எழுந்தாள்.

"நானும் கேக்கணும்னுதான் இருந்தேன்" என்றாள். குரல் உயரவில்லை. "மூணு வருசமாக் கேக்கணும்னு இருந்தேன். அவரு மூச்சு வாங்கிக் கெடக்காரு, நர்சம்மாவக் கூட்டிட்டு வாங்கன்னு கையக் காட்டுதாரு. ஆபீஸ் பூட்டிக் கெடக்கு. அந்தப் பத்தொம்பது நாளும் நீங்க எங்க போனீய?"

வெளியே உப்பு அம்பாரத்தின் மேல் போட்ட படுதா காற்றில் படபடத்தது.

பாக்கியசீலி பெஞ்சில் உட்கார்ந்து இடது கால் ஷூவின் கயிற்றை அவிழ்த்தாள். அளத்தில் எல்லோரும் ரப்பர் செருப்பு போட, அவள் மட்டும் எப்போதும் மூடிய ஷூதான் போடுவாள். சாக்ஸைக் கழற்றினாள். காலில் கடைசி இரண்டு விரல்கள் இல்லை.

"எனக்கும் சக்கரை உண்டு. இங்க வந்த வருசமே வந்துட்டு. ஒரு உப்புக் கல்லு குத்தியிருக்கு. மரத்துப் போன காலு, தெரியல. ஒங்க ஒவ்வொருத்தர் காலையும் டார்ச் அடிச்சுப் பாத்தேன். எங் காலை நான் பாக்கல. பொழுது இல்ல. சீழ் வச்சு, காச்ச வந்து விழுந்தபெறவுதான் தெரியும். பெரிய ஆஸ்பத்திரியில பத்தொம்பது நாளு கெடந்தேன்."

"ஏன் சொல்லல?"

"காலைப் பாத்துக்கோங்கன்னு வீடு வீடாச் சொல்லுதவ நான். எந்த வாயால சொல்ல? திரும்பி வந்தப்ப இந்தச் சுவத்தைப் பாத்தேன். அதுக்குப் பெறவு சொல்லவே முடியல."

சந்தனமாரி அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் திட்டியிருக்கலாம். பாக்கியசீலி அதற்குத்தான் காத்திருந்தாள். திட்டினால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"ஒங்களை யாரு பாத்தா?" என்றாள் சந்தனமாரி.

"என்ன?"

"எங்க காலையெல்லாம் நீங்க பாத்தீய. ஒங்க காலை யாரு பாத்தா?"

"யாரும் பாக்கல."

சந்தனமாரி குனிந்து தரையிலிருந்து கரித்துண்டை எடுத்தாள். "ஏறுங்க."

"மாரி…"

"ஏறுங்கன்னேன்."

நவநீதன் பத்தொன்பது நாளையும் உள்ளே ஏற்றிவிட்டு இயந்திரத்தின் பதிலுக்குக் காத்திருந்தார். அந்த நேரத்தில் பாக்கியசீலி ஒற்றைக் கால் வெறுங்காலாக உப்புத் தராசில் ஏறினாள். ஐம்பத்து நான்கு. சந்தனமாரி லிங்கராஜின் வரிக்கு நேர் கீழே அவள் பெயரை எழுதி, எண்ணையும் எழுதினாள். எழுத்து கொஞ்சம் கோணியிருந்தது.

"முடிவு வந்திருச்சு" என்றார் நவநீதன். நின்றுகொண்டே வாசித்தார். "மூடும் ஆணை ரத்து. நிலையம் தொடரும்."

கொட்டகை முழுக்க ஆரவாரம். யாரோ தகரத்தைத் தட்டினார்கள். நவநீதன் கையை உயர்த்தினார். அவர் முகம் சரியில்லை.

"இன்னும் இருக்கு. பணியாளர் இல்லாமையே இவ்வூரில் அனுமதிக்கு முதன்மைக் காரணம் எனக் கண்டறியப்படுகிறது. ஆகவே இப்பணியாளருக்கு இனி விடுப்பு வழங்குவதைத் தவிர்க்கவும்."

சத்தம் அடங்கிற்று.

"அடப்பாவி" என்றார் ஐகோர்ட்டு மெதுவாக. "ரெண்டு வெரலை வாங்குனது பத்தாதுன்னு மீதி எட்டையும் கேக்கான் ஜோசியக்காரன்."

பாக்கியசீலி தராசிலிருந்து இறங்கவில்லை. காலுக்குக் கீழே இரும்புத் தட்டு குளிர்ந்திருந்தது. இருபது வருடத்தில் அவளுக்குப் பாராட்டுக் கடிதம் வந்திருக்கிறது, மெமோ வந்திருக்கிறது. அவள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் கணக்குப் போட்டதில்லை. இப்போது போட்டிருக்கிறார்கள். போட்ட கையோடு சங்கிலியையும் நீட்டுகிறார்கள். நடந்தது மட்டும்தான் அதன் கண்ணில் படும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். அவள் இல்லாவிட்டால் நடக்கும் என்று அது நம்புகிற ஒன்று இப்போது அவள் கையில் இருந்தது.

"சார், எனக்கு எத்தனை நாள் லீவு சேந்திருக்கு?"

"இருநூத்து நாப்பது. அதுக்கு மேல சேராது. ஏன்?"

அவள் இறங்கி வந்து மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். "விடுப்பு விண்ணப்பத்தைத் தொறங்க."

"இப்பத்தான வாசிச்சேன்…"

"தவிர்க்கவும்னுதான போட்டிருக்கு? கூடாதுன்னு இல்லையே. கையெழுத்து நீங்கதான போடணும்?"

நவநீதன் அவளைப் பார்த்தார். பிறகு திரையை அவள் பக்கம் தள்ளினார்.

அவள் ஒரு விரலால் தட்டினாள். திங்கட்கிழமை முதல். நாட்கள்: பத்தொன்பது. இயந்திரம் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு வரிகள் ஒவ்வொன்றாக எழுந்தன.

எதிர்பார்க்கப்படும் அனுமதிகள்: ஏழு. எதிர்பார்க்கப்படும் மரணம்: ஒன்று. தவிர்க்கும் வழி: மாற்றுச் செவிலியர் இருவர். விண்ணப்பம் ஏற்கப்பட்டவுடன் ஒதுக்கப்படுவர்.

"ரெண்டு பேரா?" என்றார் நவநீதன். "ரெண்டு வருசமா ஒரு ஆளு கேட்டு நான் எழுதிட்டு இருக்கேன். யாருக்கும் இது கொடுத்ததில்ல."

"நான் ரெண்டு பேரு வேலை பாக்குதேன்னு அதுக்கு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு."

"பத்தொம்பது நாள் முடிஞ்சா?"

"மறுபடியும் பத்தொம்பது. பன்னெண்டு தடவை போடலாம். அதுக்குள்ள அந்த ரெண்டு பேரும் ஊருக்குப் பழகிருவாவ. பழகுனவுகளைத் தூக்கிட்டுப் போவ வாரவங்கள இவிய பாத்துக்கிடுவாவ." பின்னால் கையைக் காட்டினாள். நூற்றைம்பது பேர் நின்றார்கள்.

நவநீதன் பேனாவைத் திறந்தார். இந்தத் தடவை மூடவில்லை. "சரி. லீவு போட்டுட்டு எங்க போகப் போறீங்க? திங்கட்கிழமை காலையில?"

அவள் சுவரைப் பார்த்தாள். அவள் பெயருக்கு எதிரே ஒரே ஓர் எண் இருந்தது. அடுத்த நாளுக்கும் அதற்கடுத்த நாளுக்கும் இடம் விட்டு எழுதியிருந்தாள் சந்தனமாரி.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. விடுப்புக்கான காரணம். அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவிடாது.

பாக்கியசீலி நிதானமாக, எழுத்தெழுத்தாகத் தட்டினாள்:

வேலை இருக்கிறது.